மார்ச் நிலப்பறவைக் கணக்கெடுப்பு: மதுரைப் பக்கம் முதல் முறை போகிறேன், என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வைகைவடகரை

எல்லோருக்கும் வணக்கம். செல்லூரில் இருக்கிறேன். வனத்துறை நடத்தும் நிலப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருந்தேன். நேற்று போன் வந்தது. அரிட்டாபட்டிப் பக்கம் போகும் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆசைப்பட்டுத்தான் பெயர் கொடுத்தேன். இப்போது தயக்கமாக இருக்கிறது. எனக்கு உறுதியாக அடையாளம் தெரிந்த பறவைகள் இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. மொட்டைமாடியில் நின்று பார்த்துப் பழகியவை: காகம், மைனா, சின்னான், தையல்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, வைரி (சின்ன வேட்டைப் பறவை), வைகைக்கரையில் கொக்கு வகைகள். பைனாகுலரும் இல்லை. என்னைப் போல ஒருத்தி போய் எண்ணினால் கணக்கு கெட்டுப்போகாதா? யாராவது போன அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

தவிட்டுக்குருவி

முதலில் ஒன்று. இருபத்தைந்து பறவை தெரியும் என்றால் நீங்கள் தாராளமாகப் போகலாம். நான் முதல் தடவை போனபோது எனக்குப் பதினைந்துகூடத் தெரியாது.

குழுவில் நான்கைந்து பேர் இருப்பீர்கள். பறவை நன்றாகத் தெரிந்த ஒருவரும் அந்தப் பகுதி வனக்காவலர் ஒருவரும் கூட வருவார்கள். ஒருவர் இனத்தைச் சொல்வார், இன்னொருவர் எண்ணிக்கையைச் சொல்வார், ஒருவர் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் பதிவார். புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் எண்ணும் வேலை கிடைக்கும். அது சாதாரண வேலை இல்லை. அனுபவசாலிகள் அபூர்வமான பறவையைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். முள்வேலியில் எத்தனை தவிட்டுக்குருவி தாவியது என்பதைப் புதியவர்தான் கவனித்திருப்பார்.

கணக்கு கெட்டுப்போகுமா என்று கேட்டீர்கள். கெடுவது, தெரியாத பறவையைத் தெரிந்ததாக எழுதும்போதுதான். என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் வருடம் ஒரு வேப்பமரத்தில் சாம்பல் நிறத்தில், வாலில் பட்டைகளோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. அது பறந்து வந்தபோது சின்னக் குருவிகள் எல்லாம் கத்திக் கலைந்தன. வைரி என்று உடனே எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, பதிவுகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மிக மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்: அலகு வளைந்திருந்ததா, நேராக இருந்ததா? எடுத்த படத்தைத் திறந்து பார்த்தேன். அலகு நேர். அது அக்கா குயில். அந்தக் குயில் பார்வைக்கும் பறக்கும் விதத்துக்கும் அப்படியே வைரி மாதிரி இருக்கும். தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் பறவை அது. மாசி, பங்குனியில் "அக்கா... அக்கா..." என்று குரல் ஏறிக்கொண்டே போகும், கேட்டுவிட்டால் மறக்காது. அன்று அது கூவவில்லை, நானும் நிதானிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சந்தேகம் இருந்தால் "வல்லூறு வகை, இனம் தெரியவில்லை" என்று பொதுவாக எழுதிவிடுவேன். செயலியிலேயே அதற்கு இடம் உண்டு.

பைனாகுலர் பற்றி: இப்போதைக்கு வாங்க வேண்டாம், குழுவில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பிற்பாடு வாங்கினால் 8×42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு என்றால் ஆசையாக இருக்கும், ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

ஆசிரியை_மேலூர்

அரிட்டாபட்டி எங்கள் பக்கம்தான், வாருங்கள் தங்கச்சி. மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஏழு குன்றுகள், எழுபதுக்கும் மேற்பட்ட ஏரி குளங்கள், இருநூறு சுனைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.21 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி ஆகிய மூன்றும் அந்தப் பாறைகளில் உண்டு என்பது அந்த அறிவிப்புக்கு ஒரு முக்கியமான காரணம். தேவாங்கும் எறும்புத்தின்னியும் இருக்கின்றன.

கழிஞ்சமலையில் சமணர் படுக்கைகளும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தும் இருக்கின்றன. அந்தப் பக்கம் குடைவரைச் சிவன் கோவில். ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கணக்கெடுப்புக்காக இல்லாவிட்டாலும் ஒரு காலை நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டிய இடம். டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றதும் சுற்று வட்டாரமே எழுந்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. அன்று எங்கள் பள்ளிப் பிள்ளைகள் குதித்த குதி இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிப்ரவரியில் வரும் வளாகப் பறவைக் கணக்கெடுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளி மைதானத்திலேயே எண்ணினோம். காக்கையில் இரண்டு வகை என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது: கழுத்து சாம்பலாக இருக்கும் வீட்டுக் காகம், உடல் முழுக்கக் கறுத்த அண்டங்காக்கை. அதன் பிறகு மதிய உணவு நேரத்தில் பிள்ளைகள் தட்டை வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள்.

கல்குருவி

யாரையும் மனம் தளரச் செய்ய இதை எழுதவில்லை. ஆனாலும் கேட்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகப் பறவைப் படம் எடுக்கிறேன். வருடத்துக்கு இரண்டு நாள், காலையில் இரண்டு மணி நேரம், பாதிப் பேர் புதியவர்கள். இந்த எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? ஒரு வருடம் மழை, ஒரு வருடம் வெயில், ஒரு வருடம் குழுவில் தெரிந்தவர் வரவில்லை. சென்ற வருடம் 40 இனம், இந்த வருடம் 33 இனம் என்றால் பறவை குறைந்ததா, கண் குறைந்ததா?

தவிட்டுக்குருவி

கல்குருவி சார், நல்ல கேள்வி. எனக்கும் பல வருடம் இதே சந்தேகம் இருந்தது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரே ஒரு பட்டியலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் முழுப் பட்டியல் என்ற ஒன்று இருக்கிறது. பார்த்ததையும் கேட்டதையும், இனம் தெரிந்தவரை, ஒன்று விடாமல் எழுதுவது. காகமும் மாடப்புறாவும் உட்பட. அப்படி எழுதினால், எழுதாத பெயருக்கும் பொருள் வந்துவிடுகிறது. இந்த ஒன்றரைக் கிலோமீட்டரில், இந்த நேரத்தில், இவர்கள் கண்ணில் பனங்காடை படவில்லை என்பது தகவல். பிடித்த பறவையை மட்டும் எழுதினால் இந்த "இல்லை" நமக்குக் கிடைக்காது. எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் என்று சேர்த்து எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். அரை மணி நேரம் பார்த்தவரையும் மூன்று மணி நேரம் பார்த்தவரையும் ஒரே தராசில் வைக்காமல் இருக்கலாம்.

இப்படிப் பட்டியல் ஆயிரக்கணக்கில் சேரும்போது, பத்தில் ஒரு பட்டியலில் வந்துகொண்டிருந்த பறவை இப்போது இருபதில் ஒன்றில்தான் வருகிறது என்பது தெரியும். ஒருவர் கண்ணில் தவறியது இன்னொருவர் கண்ணில் படும். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை இந்த முறையில்தான் தயாரானது. 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் கொடுத்த மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டார்கள். நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்திருந்தன. எனக்கு அதில் மிகவும் வலித்தது பனங்காடை. சிறுவயதில் மின்கம்பி தோறும் உட்கார்ந்திருந்த பறவை. அது அருகிப்போகிறது என்று யாருக்கும் தோன்றவே இல்லை, ஏனென்றால் அது "சாதாரணப் பறவை". சாதாரணப் பறவையைச் சாதாரண மனிதர்கள் எழுதி வைத்ததால்தான் இது தெரிய வந்தது.

எண்ணுவதற்கும் ஒரு வழி சொல்கிறேன், வைகைவடகரை. கூட்டமாகச் சூறைக்குருவி (சோளப்பட்சி என்பார்கள்) போனால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த அளவை வைத்தே கூட்டத்தை அளந்துவிடலாம். 130 என்று எழுதுவது, எண்ணாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல். ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் தேன்சிட்டை ஒவ்வொரு முறையும் கூட்டாதீர்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டதோ அதுதான் எண்.

உழவன்மகன்

திருமங்கலம் பக்கம் கிராமம். நான் கணக்கெடுப்புக்குப் போனதில்லை, ஆனால் தினமும் காட்டில்தான் இருக்கிறேன்.

தவிட்டுக்குருவி அண்ணன் பனங்காடையைப் பற்றிச் சொன்னது சரி. எங்கள் பருத்திக்காட்டு வரப்பில் முன்பு நான்கைந்து நிற்கும், இப்போது ஒன்று கண்ணில் பட்டாலே அதிகம். மயில் மட்டும் பெருகிவிட்டது. விதைத்த மறுநாளே நிலக்கடலையைக் கிளறிவிடுகிறது. எண்ண வருகிறவர்கள் எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது. எந்த மாதத்தில் எது வரும், எந்தக் கிணற்றுக்குள் ஆந்தை இருக்கும் என்பது மாடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. கண்மாயில் சீமைக்கருவேலத்தை எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பங்குனி, சித்திரையில் இயந்திரத்தை விட்டு ஒரே நாளில் வழித்து எடுத்தால், அதில் கூடு கட்டியிருக்கும் சின்னானும் தவிட்டுக்குருவியும் எங்கே போகும்? குஞ்சு பறந்த பிறகு எடுக்கலாம். எடுக்கிற இடத்தில் நாட்டுக்கருவேலமும் வேம்பும் இலுப்பையும் வைக்கலாம். இதையும் எழுதி அனுப்ப வழி இருக்கிறதா?

ஆசிரியை_மேலூர்

இருக்கிறது தம்பி. பட்டியலோடு குறிப்பு எழுத இடம் உண்டு. கூடு, குஞ்சுக்கு இரை கொடுப்பது, கூட்டுக்குச் சுள்ளி கொண்டுபோவது இவற்றைத் தனித்தனியாகக் குறிக்கவும் செயலியில் வழி உண்டு. எந்த மாதத்தில் எது கூடு கட்டுகிறது என்று பல வருடம் பதிவு இருந்தால், வெட்டும் மாதத்தைப் பேச அது நல்ல ஆதாரம். நீங்கள் உங்கள் காட்டிலிருந்தே தொடங்கலாமே. உங்களைப் போல் தினமும் வெளியில் இருப்பவர்களின் பட்டியல்தான் எங்களிடம் மிகக் குறைவு.

கல்குருவி

தவிட்டுக்குருவி, முழுப் பட்டியல் விஷயத்தை நான் இப்படி யோசித்ததில்லை. என் கணினியில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன, எல்லாமே அழகான பறவைகள். காகம் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு வருடத்தில் நான் போன இடங்களில் காகம் இருந்ததா இல்லையா என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. இதைப் படித்ததிலிருந்து அதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. மார்ச் மாதம் அந்தப் பாறைகளில் வல்லூறுக்கும் ராசாளிக்கும் குஞ்சு வளரும் காலம். கூட்டுக்கு நேராகக் கீழே நின்று படம் எடுப்பது, ட்ரோன் விடுவது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது, எதுவும் வேண்டாம். தாய்ப்பறவை பயந்து எழுந்துபோனால் அந்த வெயிலில் குஞ்சு தாங்காது. கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் எழுதவும் கூடாது. நானே முன்பு ஒரு கூட்டுக்கு மிக அருகில் போயிருக்கிறேன். பறவை அந்தப் பாறையை விட்டுப் போய்விட்டது. அந்த வருத்தத்தில் சொல்கிறேன்.

பொருநைக்கரை

திருநெல்வேலியிலிருந்து. எங்கள் பக்கம் 2011-இலிருந்து தாமிரபரணிக் குளங்களில் ஜனவரி வாக்கில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறோம். அதில் பழகிவிட்டு நிலப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போனால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். குளத்தில் பறவை கண்முன்னால் நிற்கும். காட்டில் முக்கால்வாசி காதுக்குத்தான் வேலை.

அதனால் போகும் முன் ஐந்தாறு குரலைப் பழகிக்கொள்ளுங்கள். செம்பு தட்டுவது போல டொங் டொங் என்று விடாமல் கேட்டால் செம்மார்புக் குக்குறுவான். விடியும் முன்னும் பொழுது சாயும்போதும் இரட்டை விசில் கேட்டால் பொன்னுத்தொட்டான். ஆறுமணிக் குருவி என்று பெயர் வந்ததே அதனால்தான். மார்ச்சில் இன்னும் இங்கே இருக்கும், ஏப்ரல் வாக்கில் வடக்கே கிளம்பிவிடும். புதருக்குள்ளிருந்து சக் சக் என்று ஒன்று கேட்கும், வெளியே வரவே வராது. அது பெரும்பாலும் வலசை வந்த நாணல் கதிர்க்குருவி. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொல்வதை அப்படியே எழுதாமல், அந்தப் பறவையைக் கண்ணாலோ காதாலோ நீங்களே உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

எனக்கு இந்த மாதம் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். போகப்போகும் பறவையும் கூடு கட்டத் தொடங்கிய பறவையும் ஒரே மரத்தில் இருக்கும். இலவு இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். அதன் கீழ் பத்து நிமிடம் நின்றால் போதும், சூறைக்குருவி, மைனா, கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் தேனுக்கு வந்துபோகும். சில வாரத்தில் அந்தச் சூறைக்குருவி மத்திய ஆசியாவில் இருக்கும்.

வைகைவடகரை

இவ்வளவு பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மிக்க நன்றி. தினமும் காலையில் அரை மணி நேரம் மாடியில் நின்று குரல் பழகுகிறேன். இரண்டு சந்தேகம். எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்? கையில் என்ன கொண்டுபோக வேண்டும்? அம்மா பாம்பு இருக்கும் என்று பயப்படுகிறார்.

தவிட்டுக்குருவி

மார்ச் நடுவில் மதுரையில் ஆறரை மணிவாக்கில் சூரியன் உதிக்கும். ஆறு மணிக்கு அங்கே இருந்தால் நல்லது. ஒன்பது மணிக்கு மேல் பாறை காய ஆரம்பித்துவிடும், பறவையும் அடங்கிவிடும். இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்காலை மூடும் செருப்பு அல்லது ஷூ, மண் நிறத்தில் சட்டை, சின்ன நோட்டு. போனில் சார்ஜ் தீர்ந்தாலும் நோட்டு கைகொடுக்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், நடக்கிற பாதையில் பார்த்து நடந்தால் பாம்பு தானாக ஒதுங்கிவிடும். பாறைப் பக்கம் எனக்குப் பயம் மலைத்தேனீதான். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பெரிய அடை தொங்கும் பாறைக்குக் கீழே சத்தம் போட வேண்டாம்.

ஆசிரியை_மேலூர்

அதற்கு முந்தின ஞாயிறு கீழக்குயில்குடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். சமணமலை அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோவில், பெரிய ஆலமரம். ஆல் பழுத்திருந்தால் அங்கேயே பத்து இனம் கிடைக்கும். கூட்டம் வருவதற்குள் ஒரு பட்டியல் போட்டுப் பழகிவிடலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று எழுதினால் போதும்.

வைகைவடகரை

போய் வந்துவிட்டேன்! சொன்னபடியே எழுதுகிறேன்.

ஐந்து பேர் குழு. ஒரு மணி ஐம்பது நிமிடம், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 34 இனங்கள். அதில் 11 குரலை வைத்து மட்டும். எனக்கு எண்ணும் வேலைதான் கொடுத்தார்கள். தவிட்டுக்குருவி 23, மூன்று கூட்டமாக. மயில் 9. பனங்காடை 1, ஒரு பனைமரத்தின் உச்சியில். அது பறந்தபோது விரிந்த நீலத்தைப் பார்த்துவிட்டு எண்ணை எழுத மறந்துவிட்டேன், பக்கத்திலிருந்த அண்ணன் நினைவூட்டினார்.

பாறையின் விளிம்பில் வல்லூறு ஒன்று வந்து உட்கார்ந்தது. எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டோம். யாரும் கிட்டே போகவில்லை. வெகுதூரம், மாறி மாறி பைனாகுலரில் பார்த்தோம். லகரா ஷாஹீனா என்று குழுத் தலைவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "வல்லூறு வகை" என்றே எழுதினோம்.

ஒரு வேப்பமரத்தில் சாம்பல் நிறத்தில், வாலில் பட்டைகளோடு ஒன்று. எனக்கு உடனே இந்த இழைதான் ஞாபகத்துக்கு வந்தது. வாயைத் திறக்காமல் அலகைப் பார்த்தேன். நேராக இருந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அக்கா குயில் என்று நான்தான் முதலில் சொன்னேன், தலைவர் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஐந்து நிமிடம் கழித்து அதுவே கூவியது.

திரும்பும்போது கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், உழவன்மகன் சொன்னபடி, பேச்சுக் கொடுத்தோம். ராத்திரி எந்தப் பாறையில் கொம்பன் ஆந்தை வந்து உட்காரும் என்று கைகாட்டினார். அவர் காட்டிய பாறைக்குக் கீழே எலும்பும் மயிருமாக அது கக்கிய உருண்டைகள் கிடந்தன. எங்கள் பட்டியலில் அந்த ஆந்தை இல்லை, பார்க்கவோ கேட்கவோ இல்லையே. குறிப்பில் மட்டும் எழுதியிருக்கிறோம்.

உழவன்மகன்

நல்லது தங்கச்சி. நானும் செயலியை இறக்கிவிட்டேன். இன்று காலை தோட்டத்தில் இருபது நிமிடம், 17 இனம். மயில் 14. பனங்காடை இல்லை.

கல்குருவி

உழவன்மகன், வரும் சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பக்கம் வரலாமா? கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன். அந்த வரப்பை ஒரு தடவை சேர்ந்து நடந்து பார்க்கலாம்.

உழவன்மகன்

வாங்க சார். ஆறு மணிக்கு வந்துவிடுங்கள், கிணற்று மேட்டில் நிற்கிறேன்.